ஆள், ஊர், தொழில்: சேலம் – நாமக்கல் சமவெளி சார்ந்த சொற்சித்திரங்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஒருவரையோ ஓர் ஊரையோ ஒரு தொழிலையோ உரைநடையில் கண்முன் நிறுத்தும் எழுத்து தமிழில் நடைச்சித்திரம், சொற்சித்திரம், ஆளுமைச் சித்திரம் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. கல்விப்புலத்தில் இது பெரும்பாலும் ‘வாழ்வும் பணியும்’ என்னும் வாய்பாட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. சேலம் – நாமக்கல் சமவெளியோடும் அதனை ஒட்டிய கொல்லிமலையோடும் தொடர்புடைய சில பனுவல்களை முன்வைத்து அவ்வாய்பாட்டின் குறைபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆளைச் செயலில் காண்பதும், தொழிலை அதில் நலன்கள் எதிர்ப்படும் இடத்தில் காண்பதுமே சித்திரத்திற்கு உயிர் தருகின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சொற்சித்திரம், வாழ்க்கை வரலாறு, வல்வில் ஓரி, சேலம் இராமசுவாமி முதலியார், பெருமாள்முருகன், கள ஆய்வு, ஜவ்வரிசித் தொழில்

வாய்பாடு

தமிழ்த்துறைகளில் ஓர் எழுத்தாளரைப் பற்றி எழுதப்படும் ஆய்வேட்டின் முதல் இயல் எவ்வாறு அமையும் என்பதை அதனைப் புரட்டாமலேயே சொல்லிவிடலாம். பிறப்பு, பெற்றோர், கல்வி, பணி, திருமணம், நூல்கள், பரிசுகள் என்ற வரிசை மாறுவதில்லை. ஊராய்வாயின் பெயர்க்காரணம், அமைவிடம், எல்லை, மக்கள்தொகை, கோயில், திருவிழா என்றும், தொழிலாய்வாயின் தோற்றம், வளர்ச்சி, மூலப்பொருள், கருவிகள், சிக்கல்கள், தீர்வுகள் என்றும் தலைப்புகள் அமையும். பெயரையும் ஆண்டுகளையும் மாற்றிவிட்டால் ஒருவரைப் பற்றிய இயல் மற்றொருவருக்கும் பொருந்திவிடுகிறது. ஒருவரைப் பற்றி எழுதியதில் எதுவும் அவருக்கு மட்டுமே உரியதாக இல்லையெனில், அவரைப் பற்றி எழுதியதாகக் கொள்ள இயலுமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வாய்பாட்டை அயலிலிருந்து வந்ததென்று ஒதுக்கிவிட முடியாது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதுவோர் தரவேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் வரையறுத்துள்ளது. ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக அமையும் அப்பட்டியல் நூலை அடையாளம் காட்டப் போதுமானது. ஆயினும் பாயிரத்தைப் படித்தவர் நூலைப் படித்தவர் ஆகார்; வாய்பாட்டு இயலைப் படித்தவர் ஆளைக் கண்டவரும் ஆகார். ஆண்டும் பெயரும் ஊரும் இன்றியமையாதவையே. அவை சித்திரம் எழுதத் தேவையான சட்டம். சட்டத்தையே சித்திரமாகக் கொள்வதில்தான் பிழை நேர்கிறது.

வேடன் யார் என்னும் ஐயம்

ஆளைச் செயலில் காட்டும் முறைக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடல் அதற்குச் சிறந்த சான்று. பாடல் ஓரியின் பெயரிலோ குலத்திலோ தொடங்கவில்லை, அம்பில் தொடங்குகிறது. யானையை வீழ்த்திய அம்பு புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. அதனைக் கண்ட பாணர் கூட்டத்துக்கு இவ்வேட்டுவன் யார் என்ற ஐயம் எழுகிறது. ஊன் விற்றுப் பிழைப்பவனாக அவன் தோன்றவில்லை. மார்பில் ஆரம் கிடக்கிறது. ஓரியாக இருப்பானோ, இல்லையோ என மனம் ஊசலாடுகிறது. இசைக்கருவிகளை முழக்கி, துறைமுறையே பாடி முடித்து, ‘கோ’ என விளித்தபோது அவன் நாணுகிறான். பின்னரே மான் தசையும் மதுவும் பொன்னும் மணியும் அவர்களுக்குக் கிடைக்கின்றன.

இப்பாடலைப் பெரும்பாலும் கொடைமடத்துக்கும் வில்லாற்றலுக்கும் சான்றாக எடுத்துக்காட்டுவதோடு உரைகள் அமைகின்றன. ஆளை எழுதும் கலை என்னும் நோக்கில் பார்த்தால் வேறு இரண்டு கூறுகள் புலப்படும். ஒன்று, காண்பவரின் அறியாமை மறைக்கப்படவில்லை. ‘யாரோ’ என்னும் ஐயம் பனுவலுக்குள்ளேயே இருப்பதால், சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு முடிவுக்கு வரும் பணியில் படிப்பவரும் பங்கு பெறுகிறார். மற்றொன்று, அந்த நாணம். அம்பின் வலிமையை வேறு மன்னர்க்கும் ஏற்றிப் பாடிவிடலாம். புகழைக் கேட்டு நாணியது ஓரியின் முகம். புகழ்ச்சிப் பாடலுக்குள்ளேயே புகழ்ச்சிக்குக் கூசும் மனிதனை வைத்த இப்பாடல், பாராட்டுரைகளாகவே எழுதப்படும் இன்றைய ஆளுமைக் கட்டுரைகளுக்கு எதிர்நிலையில் நிற்கிறது.

முன்சீப்பின் கேள்வி

சேலம் இராமசுவாமி முதலியாரைப் பற்றி வாய்பாட்டு முறையில் எழுதுவது எளிது. நீதித்துறையில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். பின்னர்ச் சென்னையில் வழக்கறிஞராக விளங்கியவர். 1885இல் இந்தியரின் குறைகளை இங்கிலாந்து வாக்காளரிடம் எடுத்துரைக்கச் சென்ற மூவருள் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர். உடன் சென்ற இருவர் பம்பாயின் சந்தாவர்க்கரும் வங்கத்தின் மன்மோகன் கோஷும் ஆவர். அரசியல் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

எனினும் தமிழ் கற்றோர் நினைவில் முதலியார் நிலைத்திருப்பது இவற்றால் அன்று. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் அவர் கேட்ட கேள்வியால். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அந்நிகழ்ச்சியை விரிவாகப் பதிவு செய்துள்ளது. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் இளம் ஆசிரியர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பின் சாயல் தோன்றவில்லை. கம்பராமாயணம் என்றபோதும் அவர் நிறைவடையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவி, சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். கற்றவர் தம் கல்லாமையை அறியும் கணம் அது. அவர் பின்னர்க் கொடுத்த கையெழுத்துப் பிரதியிலிருந்து தொடங்கிய பணி 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது.

இச்சித்திரத்தில் முதலியாரின் தோற்றத்தையோ குடிப்பிறப்பையோ பற்றிய செய்திகள் முதன்மை பெறவில்லை. அவர் என்ன செய்கிறார் என்பதே முதன்மை. அவர் கேட்கிறார், கேட்டுவிட்டு, நிறைவின்றி, மீண்டும் கேட்கிறார். நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பவரின் தொழிற்பழக்கம் அவ்வுரையாடலில் படிந்திருப்பதாகக் கொள்வது மிகையாகாது. ஆளும் தொழிலும் அவ்விடத்தில் பிரிக்க இயலாதவையாகின்றன. பட்டியலை அடுக்குபவரும் பட்டியலால் நிறைவடையாதவரும் எதிரெதிரே அமர்ந்த அக்காட்சி, வாய்பாட்டு ஆய்வேடுகளுக்கே ஒரு விமரிசனம் போல அமைந்திருப்பது தற்செயலானது, ஆனால் பொருத்தமானது.

இச்சித்திரத்தையும் ஐயுறாமல் ஏற்றல் தகாது. ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகள். உரையாடல்கள் சொல்லுக்குச் சொல் நினைவில் நின்றவை என்று கொள்வதைவிட, நன்றியுணர்வு செதுக்கிச் செம்மையாக்கியவை என்று கொள்வதே முறை. அதனினும் முதன்மையான குறை ஒன்றுண்டு. முதலியார் அங்கே சாமிநாதையரின் வாழ்க்கைக்கு ஒரு திருப்பமாகவே இடம்பெறுகிறார். சிந்தாமணியை ஒருவர் வாயிலாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேட்கை ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு முன்சீப்புக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தமிழுலகில் உரிய அளவில் ஆராயப்படவில்லை. 1885இல் கப்பலேறியவரும் 1880இல் கேள்வி கேட்டவரும் ஒருவரே என்பதை இணைத்துக் காட்டும் முழுமையான சித்திரம் எழுதப்பட வேண்டிய ஒன்று. வாய்பாடு ஒரு பாதியைத் தருகிறது. காட்சி மறுபாதியைத் தருகிறது.

கையேட்டின் கண்

ஊரைப் பற்றிய எழுத்தில் சேலம் மாவட்டம் வளமான ஆவணங்களை உடையது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாரமகாலின் ஆவணங்கள், லெ ஃபானு 1883இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடி ஆகியவை இன்றியமையாத மூலங்கள். மண்வகை, கிணறு, நெசவு, சந்தை, வரி எனத் தாலுகாதோறும் செய்திகளை அடுக்கிய அவற்றின் உழைப்பு பெரிது. ஆனால் அவை அடுத்து வரவிருக்கும் அதிகாரிக்காக எழுதப்பட்டவை. ஓர் ஊரிடமிருந்து எதைப் பெறலாம், எங்கே கலகம் எழலாம் என்னும் நோக்கே செய்திகளைத் தெரிவு செய்தது. விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட ஊராய்வேடுகள் அந்நோக்கத்தை விட்டுவிட்டு அந்த அடுக்குமுறையை மட்டும் வைத்துக்கொண்டன. யாருக்காக எழுதுகிறோம் என்ற தெளிவு லெ ஃபானுவுக்கு இருந்தது. அவர் வழியில் எழுதுவோர் பலருக்கு அத்தெளிவு இல்லை என்பதே வேறுபாடு.

ஆளைப் பற்றிய பொதுநினைவும் இத்தகைய சுருக்கத்துக்கு உட்படுவதுண்டு. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகப் பாடலாலும் 1949இல் பெற்ற அரசவைக் கவிஞர் பதவியாலும் அறியப்படுகிறார். அவர் உருவப்படம் தீட்டிப் பிழைத்த ஓவியர் என்பது பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. காநாடுகாத்தானில் பாரதியைக் கண்டபோதும் அவர் ஓவியராகவே அறிமுகமானார். முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய கை, ‘என் கதை’ என்னும் தன்வரலாற்றில் மனிதர்களை எவ்வாறு வரைந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. அவ்வாய்வு தொழிலிலிருந்து தொடங்கினாலன்றி நிறைவுபெறாது.

தாயும் திரையரங்கும்

ஊர்க்காரரே ஊரை எழுதும்போது நிலைமை மாறுகிறது. திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்து, நாமக்கல் அரசு கலைக்கல்லூரியில் தமிழ் பயிற்றிய பெருமாள்முருகனின் எழுத்துகளில் ஆள், ஊர், தொழில் மூன்றும் ஒரே நெசவாக அமைகின்றன. அவர் குடும்பம் திருச்செங்கோட்டுத் திரையரங்கு ஒன்றில் சோடாக்கடை நடத்தியது. அவ்வுலகம் 1993இல் ‘நிழல் முற்றம்’ என்னும் நாவலாயிற்று. பிற்காலத்தில் ‘நிழல்முற்றத்து நினைவுகள்’ என்னும் கட்டுரைகளாகவும் ஆயிற்று. ஒரே களம் புனைவாகவும் சொற்சித்திரமாகவும் எழுதப்பட்டிருப்பதால், இரண்டின் வேறுபாட்டை ஒப்பிட்டறிய இவை அரிய வாய்ப்பைத் தருகின்றன. நாவலில் சோடா விற்கும் சிறுவர் அவ்விடத்தைவிட்டு வெளியேற வழியற்றவர்கள். எழுதுபவர் கண்ணில் படுவதில்லை. கட்டுரையிலோ வெளியேறி வந்துவிட்ட ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். அத்தொலைவு பரிவையும் நகைச்சுவையையும் கொண்டுவருகிறது. நாவலின் மூச்சுமுட்டலைக் குறைக்கவும் செய்கிறது.

தம் தாயைப் பற்றிய ‘தோன்றாத் துணை’ (2019) ஆளுமைச் சித்திரத்தில் குறிப்பிடத்தக்க நூல். தலைப்புத் தொடர் திருப்பாதிரிப்புலியூர்த் தேவாரத்தில் அப்பர் இறைவனைக் குறித்தது. அதனை எழுத்தறிவு குறைந்த ஓர் உழவுப் பெண்ணுக்கு உரியதாக்கியதே ஒரு திறனாய்வு எனலாம். காட்டுவேலை, ஆடுமாடு, சமையல், சிக்கனம் எனச் செயல்கள் வழியாகவே தாயின் உருவம் திரண்டு வருகிறது. ‘அன்பின் உருவம்’, ‘தியாகச் சுடர்’ போன்ற தொடர்களால் தாயை எழுதும் வழக்கம் மிகுந்த மொழியில் இது எளிய சாதனையன்று. கொங்கு வட்டாரச் சொல்லகராதியை (2000) தொகுத்தவரின் காது இங்கே துணைநிற்கிறது. ஒரு வேலைக்கு அவ்வூரார் வழங்கும் சொல் கிடைத்துவிட்டால் வேலையும் கிடைத்துவிடுகிறது. இருப்பினும் மகன் தாயிடம் கேட்க இயலாத கேள்விகள் உண்டு. உடன் உழைத்த பெண்கள், கூலிக்கு வந்தோர், பங்காளி வீட்டார் ஆகியோர் அவரை எவ்வாறு கண்டனர் என்பதை அறிய மற்றொருவர் எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரு சித்திரம் போதாது.

ஊரை எழுதுவதன் விலை என்ன என்பதையும் இவ்வெழுத்தாளரின் வாழ்க்கையே காட்டியது. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014ஆம் ஆண்டு இறுதியில் திருச்செங்கோட்டில் போராட்டம் எழுந்தது. 2015 ஜனவரியில் அவர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மீண்டு வந்த ஆண்டில் வெளியான ‘பூனாச்சி’யின் தலைமை மாந்தர் ஒரு வெள்ளாடு. நாவலாசிரியர் ஊர்ப்பெயரை மாற்றலாம். மனிதரை விட்டு ஆட்டை எழுதலாம். சொற்சித்திரம் எழுதுபவருக்கு அவ்வழிகள் இல்லை. ஊரின் உண்மைப் பெயரே அவர் எழுத்தின் ஆதாரம். வாய்பாட்டின் கவர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்: பெயர்க்காரணமும் மக்கள்தொகையும் யாரையும் புண்படுத்துவதில்லை. ஓர் ஆய்வாளர் சாதியையும் கூலியையும் தண்ணீர்ப் பங்கீட்டையும் தவிர்த்துவிட்டு ஊரை எழுதினால் அது எப்போதும் அறியாமையால் நேர்வதன்று; அச்சத்தாலும் நேர்கிறது. அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் தவிர்க்கப்பட்டது எது என்பதை ஆய்வேடு அறிந்தே தவிர்த்திருக்கிறதா என்று நெறியாளர் கேட்டறியலாம்.

எழுதப்படாத தொழில்கள்

இச்சமவெளியின் இன்றைய வாழ்க்கையைத் தாங்கும் தொழில்கள் சொற்சித்திரத்துக்குள் இன்னும் போதிய அளவில் வரவில்லை. சேலத்தின் வெள்ளிக்கொலுசு, நாமக்கல்லின் லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டி ஆகியவற்றைப் பற்றிப் பொருளியல் அறிக்கைகள் உள்ளன, முகங்கள் இல்லை.

ஜவ்வரிசித் தொழிலை எடுத்துக்கொண்டால், அதன் தோற்றம் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப்போரால் மலேயாப் பகுதியிலிருந்து இறக்குமதி நின்றபோது, 1943இல் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சி தொடங்கியது. 1981இல் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவு அமைப்பு உருவாயிற்று. செய்முறையும் தெரிந்ததே. குச்சிக்கிழங்கின் தோலை நீக்கிக் கழுவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தேக்கினால் மாவு படியும். ஈரமாவைக் குலுக்கி உருட்டி மணியாக்கி, சூட்டில் பதப்படுத்திக் களத்தில் காயவைப்பர். எஞ்சும் திப்பி தீவனமாகும். இவ்வளவையும் ஆய்வேடு வரிசையாகச் சொல்லிவிடும். சொன்னபின்னும் தொழில் கண்ணுக்குப் புலப்படாது. ஏனெனில் அது இவ்வரிசையின் தொடக்கத்துக்கும் முன்னால், ஆலை வாசலில், ‘பாயிண்ட்’ என்னும் ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் பாயிண்டாகக் கணக்கிட்டு, அதற்கேற்பவே விலை தரப்படுகிறது. பத்து மாதம் காட்டில் நின்ற பயிரின் மதிப்பு அங்கே ஓர் எண்ணாகிறது. உழவர் கண்ணும் ஆலையாளின் கண்ணும் அந்த எண்ணின்மேல் நிற்கின்றன. மழை, வெட்டுக்கூலி, கடன், வெளிமாநிலச் சந்தை அனைத்தும் அக்கணத்தில் வந்து கூடுகின்றன. தொழிலை எழுதப் புகுபவர் முதலில் நிற்க வேண்டிய இடம் அதுவே. இயந்திரக் கொட்டகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரிக் தொழில் இதனினும் கடினமான சிக்கலை முன்வைக்கிறது. டி.என். 34 என்னும் எண் தாங்கிய திருச்செங்கோட்டு வண்டிகள் பிற மாநிலங்களில் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. திருச்செங்கோட்டைப் பார்த்திராத எத்தனையோ உழவர்கள் அவ்வூரை ஒரு வண்டியின் எண்ணாகவே அறிவர். அப்படியெனில் இத்தொழிலை எழுத விரும்பும் ஆய்வாளர் எங்கே களப்பணி செய்ய வேண்டும்? ஊரில் இருப்பவை உரிமையாளரின் அலுவலகமும் பழுதுபார்க்கும் பட்டறையும் ஆள் இல்லாத வீடுகளும். ஊராய்வு எல்லைக்குள்ளேயே நின்றுவிடுமாயின், ஊரின் வாழ்வாதாரம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். வீட்டில் இல்லாதவரைப் பற்றி வீட்டில் இருப்போர் எப்படிப் பேசுகின்றனர் என்பதையேனும் அது பதிவு செய்தாக வேண்டும்.

வண்டியோடு செல்லும் ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடியது வேறு. தோண்டுதலுக்கு அடிக்கணக்கில் கூலி. காற்றழுத்தத்தில் துளையிலிருந்து பாறைப்புழுதி வெளியேறிக்கொண்டிருக்கும்வரை நீர் இல்லை. எதிர்பார்த்த ஆழம் கடந்தும் புழுதியே வருமாயின், நிறுத்துவதா தொடர்வதா என்பதை நிலத்துக்காரர் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். நீரோட்டம் பார்த்துக் குறித்துக் கொடுத்தவர் ஒன்று சொல்வார். வண்டியை அமர்த்தித் தந்த முகவர் ஒன்று சொல்வார். புழுதியின் நிறத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும் தொழிலாளி சொல்வது மூன்றாவது. அவர் எந்த ஊர்க்காரர், எத்தனை ஆண்டு அனுபவம் என்பன பின்னர் வரட்டும். அந்தக் கையளவு புழுதியில் அவர் எதைப் படிக்கிறார், நிறுத்தச் சொன்னால் தம் முதலாளிக்கு அடிக்கூலி குறையும் என்று தெரிந்தும் அதை வாய்விட்டுச் சொல்கிறாரா என்பதை அருகில் நின்று எழுதிய தமிழ்ப் பக்கங்கள் வேண்டும்.